நேசித்துக் கொண்டுபோவதற்குப் படிவம் இல்லை

செல்லதுரைக்குக் கழுத்து திரும்பவில்லை. முந்தின நாள் கொச்சங்காடி கிட்டங்கியில் ஒரு லாரி சுக்கு இறக்கியிருந்தான். அறுபது கிலோ சாக்கு தலையில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. எல்லாம் இறக்கி முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பிடரிக்குள் ஆணி அடித்தது போல வலி வந்து உட்காரும். அதனால் அந்த ஏசி அறையில் யார் கூப்பிட்டாலும் அவன் முழு உடம்போடு எழுந்து திரும்ப வேண்டியிருந்தது. மரியாதை தெரிந்த ஆள் என்று அங்கிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த அறை அவனுக்குப் புதிதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்பு அது ஏலக்காய் கிட்டங்கி. இப்போது கண்ணாடிக் கதவு போட்டு, 'செல்லப்பிராணிப் பொறுப்புப் பயண வசதி மையம்' என்று பலகை வைத்திருந்தார்கள். பலகையில் ஒரு நாயும் பூனையும் கிளியும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பெட்டியோடு நின்றன. 'அவர்களும் நம் குடும்பமே' என்று அதன் கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே சின்னதாக இன்னொரு பலகை: 'பிராணிகளை உள்ளே கொண்டுவரக் கூடாது.' செல்லதுரைக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. இரண்டையும் வாட்ச்மேன்தான் ஒரே குரலில் படித்துச் சொன்னார்.

ஆகவே குட்டன் வெளியே, கரண்டுக் கம்பத்தில் கட்டப்பட்டு, சித்திரை வெயிலில் நின்றது.

குட்டன் ஓர் ஆட்டுக் கிடா. மட்டாஞ்சேரிச் சந்தில் தாய் ஆட்டை ஒரு வண்டி அடித்துப்போட்ட அன்று, செல்லதுரை அதைச் சும்மாட்டுத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். மகள் மகா பால்புட்டியில் ஊட்டி வளர்த்தாள். பேரும் அவள் வைத்ததுதான். பக்கத்து வீடுகளில் பிள்ளைகளைக் கொஞ்சும் பேர். ராத்திரி அவள் பாயிலேயே படுக்கும். சாயங்காலம் செல்லதுரை வேலையிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்ததும் பின்னால் வந்து, பிடரியில் காய்ந்திருக்கும் வேர்வை உப்பை நக்கும். சொரசொரப்பான சூடான நாக்கு. அவனுக்குத் தெரிந்து அந்த வலிக்கு அதைவிட நல்ல மருந்து கொச்சியில் இல்லை.

போன கோடையில் உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போனபோது குட்டனைப் பக்கத்து வீட்டுப் பாப்பா சேச்சியிடம் விட்டுப் போனார்கள். சேச்சி சோறு வைத்தாள். ஆனால் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அது பஜார் ரோட்டைத் தின்றது. திரும்பி வந்தபோது வயிறு டயர் மாதிரி உப்பிக் கிடந்தது. டாக்டர் கீறி, இருபத்திரண்டு பிளாஸ்டிக் பையும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் எடுத்தார். ஆடு பிழைத்தது. மகா ஒரு மாசம் அப்பாவிடம் பேசவில்லை. கடைசியில் பேசியதும் ஒரே வாக்கியம்தான்: "நீங்கதானே கயிறு கெட்டினீங்க."

இந்த மார்ச்சில் மையத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து வகுப்பு எடுத்தார்கள். மஞ்சுஷா மேடம் என்பவர் பிள்ளைகள் எல்லாரையும் கை நீட்டச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைத்தார். 'இந்த விடுமுறையில் என் செல்லத்தை விட்டுவிட்டுப் போகமாட்டேன்.' மகா அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டு, வீட்டுச் சுவரில் சோறு தடவி ஒட்டினாள். மையத்தின் சீட்டு இல்லாமல் எந்தப் பிராணியையும் மலைக்கு மேலே எல்லைச் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள் என்றும் அந்த அட்டையிலேயே இருந்தது. செல்லதுரை ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மையத்துக்கு வந்தது இப்படித்தான்.

"ஆட்டுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போற ஆளப் பாரு," என்று மனைவி ஒச்சம்மாள் காலையில் சொன்னாள். அவள் இடக்கொச்சியில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "எனக்கு ரேஷன் கார்டுல பேரு சேக்க நாலு வருஷம் ஆச்சு."

கவுண்டரில் இருந்தவர் அபிலாஷ். நல்ல பையன், முகத்தில் களைப்பு இருந்தது. கணினியில் பிராணி வகையைத் தேடினார். நாய், பூனை, கிளி, முயல், தொட்டியோடு மீன், தொட்டியில்லாமல் ஆமை. ஆடு இல்லை.

"ஆடு பெட் இல்லா, சேட்டா. லைவ்ஸ்டாக்."

வித்தியாசம் என்ன என்று செல்லதுரை கேட்டான். பெட் என்றால் பேர் இருக்கும் என்றார் அபிலாஷ். இதற்கும் இருக்கிறது, குட்டன் என்றான் செல்லதுரை. அபிலாஷ் யோசித்தார், எழுந்து உள்ளே போனார், கால்மணி நேரம் கழித்து ஒரு தாளோடு வந்தார். பேர் மட்டும் போதாதாம். எந்தப் பிராணியால் மனுஷனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையோ அதுதான் பெட்.

"இதாலயும் ஒரு பிரயோஜனமும் இல்ல சார். பால்கூடக் கிடையாது, கிடா."

"இறைச்சி உண்டல்லோ," என்றார் அபிலாஷ், வருத்தத்தோடு.

வழி இல்லாமல் இல்லை. ஆட்டால் பயனில்லை என்று 'உபயோகமின்மைச் சான்று' வாங்கலாம். அதற்கு உரிமையாளருக்கும் பிராணிக்கும் உள்ள பந்தத்தை அளந்து நாற்பதுக்கு இருபத்தைந்து மதிப்பெண் வரவேண்டும். அளப்பதற்கு முன் பொறுப்புப் பயண வகுப்பில் உட்கார வேண்டும். வகுப்பு அடுத்த செவ்வாய்.

செவ்வாயும் செல்லதுரை வேலையை விட்டான். குட்டனையும் கூட்டி வரவேண்டும் என்பது விதி. உள்ளே விடக்கூடாது என்பதும் விதி. கம்பத்தில் நிழல் விழாத பக்கம்தான் கட்ட இடம் இருந்தது. கட்டும்போது குட்டன் அவனைப் பார்த்தது. அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டான்.

வகுப்பு எடுத்தவர் மஞ்சுஷா மேடம். திரையில் காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்ட நாய் ஒன்று தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுக்க வேண்டும். அதற்குப் பழகின தலையணையை எடுத்துப் போக வேண்டும். போகிற ஓட்டலில் பிராணிக்குத் தனிப் படுக்கை உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். வெயிலில் கட்டிப்போடுவது கொடுமை. அப்படிக் கட்டியிருப்பதைக் கண்டால் உடனே மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். செல்லதுரை தகவல் சொல்ல எழுந்தான். கேள்விகள் கடைசியில் என்று மேடம் உட்கார வைத்தார்.

பந்தம் அளக்கும்போது மேடம் அன்பாகத்தான் கேட்டார். பிராணிக்குத் தனி அறை உண்டா? எங்களுக்கே ஓர் அறைதான் என்றான். பிறந்தநாள் கொண்டாடியதுண்டா? மகாவுக்கே கொண்டாடியதில்லை. தனிப் படுக்கை? மகளோடு பாயில் படுக்கும் என்றான். அது தனிப் படுக்கை ஆகாது என்று ஒரு மதிப்பெண் கழித்தார். பிராணி உங்களிடம் அன்பை எப்படி வெளிப்படுத்தும்? கழுத்தை நக்கும் என்றான். மேடம் எழுதுவதை நிறுத்தினார்.

"அது சுகாதாரக் கொறவு," என்று இரண்டு மதிப்பெண் கழித்தார்.

நாற்பதுக்கு நாலு. மகா என்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பார்த்தீர்களே, சுவரில் அட்டைகூட ஒட்டியிருக்கிறாள் என்று செல்லதுரை சொல்லிப் பார்த்தான். இந்த வருஷம் பதினாலாயிரம் பிள்ளைகள் உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள் என்று மேடம் சந்தோஷமாகச் சொன்னார். உறுதிமொழி விழிப்புணர்வுப் பிரிவு. சீட்டு அனுமதிப் பிரிவு. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது.

அன்று மத்தியானம் பொறுப்புப் பயண வாரத்தின் தொடக்க விழா. யாரும் எழுந்து போகக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். தலைமை இயக்குநர் ராஜப்பன் மேடையேறினார். வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை, நிதானமான குரல்.

"ஒரு காரியம் அபிமானத்தோட சொல்லறேன்," என்று தொடங்கினார். "நம்ம மையம் தொடங்கி மூணு வருஷம். பயணத்துல ஒரு பிராணிக்குக்கூட நோவு வந்தில்லா. ஒரு நாய் வாந்தி எடுத்ததா, ஒரு பூனை காணாமப் போனதா ஒரு பராதி இல்லா. இது எப்படி சாதிச்சோம்? பலரும் கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்லா. மூணு வருஷத்துல ஒரு பிராணிக்கும் நாம அனுமதி கொடுத்தில்லா."

கைதட்டல் அடங்க நேரமானது. அவர் கண் கலங்கித் தொடர்ந்தார். சின்ன வயசில் அவருக்கும் ஒரு நாய் இருந்ததாம். பொறுப்பு என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நாய்தானாம். அது இப்போது எங்கே என்று அவர் சொல்லவில்லை. கடைசியில், பிராணிகளின் நலனுக்காக இந்தக் கட்டடத்துக்கு நாற்பது டன் ஏசி போட்டிருப்பதாகத் தெரிவித்து அமர்ந்தார்.

கதவு திறந்ததும் செல்லதுரை ஓடினான். குட்டன் முன்னங்காலை மடித்துக் கம்பத்தடியில் கிடந்தது. வாய் ஓரத்தில் நுரை. எதிர்ச் சாயாக் கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றிக்கொண்டே, மனுஷனா நீ என்று கேட்டார். இல்லை, விண்ணப்பதாரர் என்று சொல்லியிருக்கலாம். அவன் ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நாக்கு வெளியே வந்து அவன் முழங்கையை ஒருமுறை தொட்டது.

ஊருக்குப் போக மூன்று நாள்தான் இருந்தது. கிட்டங்கிக்குச் சரக்கு ஏற்றி வரும் சேவியரின் லாரி வெள்ளிக்கிழமை காலியாகத் தேனிக்குத் திரும்புகிறது. குடும்பத்தையும் ஆட்டையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். புதன்கிழமை செல்லதுரை மறுபடியும் கவுண்டரில் நின்றான். அபிலாஷ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கட்டடத்தின் பின்பக்கம் வரச் சொன்னார். அங்கே இன்னொரு ஜன்னல் இருந்தது. வரிசை இல்லை, டோக்கன் இல்லை, வகுப்பு இல்லை. ஒரே ஒரு தாள், பத்து நிமிஷம்.

"இது வெட்டறதுக்குக் கொண்டு போறவங்களுக்கு," என்றார். குரலைத் தாழ்த்தவில்லை, தெளிவாகத்தான் சொன்னார். "சேட்டா, ஆட்டை வெட்டக் கொண்டு போனா ஒரு பிரச்சனையும் இல்லா. நேசிச்சுக் கொண்டு போறதுக்குத்தான் ஃபாரம் இல்லா."

"வெட்டமாட்டேன் சார்."

"வேண்டா. ஆனா பேப்பர்ல வெட்டணும்."

செல்லதுரை இருபத்தைந்து வருஷமாகக் கிட்டங்கியில் கையெழுத்துப் போடுகிறவன். கணக்குப்பிள்ளை விரல் வைக்கிற இடத்தில் போடுவான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை, கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. அபிலாஷும் விரல் வைத்தார். இந்த முறை என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மகாவைக் கூட்டி வந்து படிக்கச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கழுத்து வலித்தது. மூன்று நாள் வேலை போயிருந்தது. கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் மகா தாளைக் கேட்டாள். அவள் மலையாளம் கடகடவென்று படிப்பாள். தமிழ்தான் எழுத்துக் கூட்டுவாள். உறை பிரிக்கக் கூடாதென்று ஆபீசர் சொல்லியிருக்கிறார் என்றான் செல்லதுரை. அதைச் சட்டைப் பையில் வைத்து, ஊக்கு போட்டுக் குத்தினான்.

பயணத்தில் மஞ்சுஷா மேடம் சொன்ன ஒன்றையும் அவன் விடவில்லை. ஒச்சம்மாளும் மகாவும் முன்னால் சேவியர் பக்கத்தில். அவன் பின்னால் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டி, மகாவின் தலையணையைப் போட்டு, ஆட்டோடு உட்கார்ந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லாரியை நிறுத்தித் தண்ணீர் காட்டினான். சேவியர் நாலாவது தடவை நிறுத்தும்போது, எம் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தப்பக்கூட இவ்வளவு மெதுவா நான் ஓட்டினதில்ல என்றான்.

மலைமேல் சாவடியில் ஓர் அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். பிறகு தலையணையில் தாடை வைத்துப் படுத்திருந்த குட்டனைப் பார்த்தார். கழுத்தில் மகா கட்டின நீல ரிப்பன் இருந்தது.

"வெட்டறதுக்கா?"

மகா முன்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்லதுரை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

"ஆமா சார்."

அதிகாரி டப்பாவிலிருந்து சிவப்பு மை தொட்டு ஆட்டின் முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார். ஒன்றரை மாசத்துக்குள் வெட்டி, ஊர்ப் பெரிய ஆள் ஒருவரிடம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பொய் சொன்னதாகக் கேஸ். குறி எதற்கு என்று மகா அப்புறம் கேட்டாள். அனுமதி கிடைத்ததற்கு அடையாளம் என்றான்.

ஊரில் மச்சினன் அழகர் அந்தக் குறியைப் பார்த்ததுமே பூரித்துப்போனான். வைகாசிச் சாமி கும்பிடுக்கு மாமா கொச்சியிலிருந்தே கிடாய் ஓட்டி வந்துவிட்டார் என்று தெருவுக்கெல்லாம் சொன்னான். வெட்ட இல்லை, வளர்க்கிறது என்று செல்லதுரை சொல்ல, கேட்டவர்கள் சிரித்தார்கள். கொச்சிக்குப் போனதும் கைப்பிடித்தம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மகா மட்டும் குட்டனைக் குளத்தில் இறக்கித் தேய் தேய் என்று தேய்த்தாள். குறி போகவில்லை.

திரும்புகிற வாரம் செல்லதுரை அபிலாஷுக்குப் போன் போட்டான். அபிலாஷ் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: அந்த ஆடு வெட்டப்போன ஆடு. வெட்டப்போன ஆடு திரும்பி வரக் கணினியில் இடமில்லை. உயிரோடு உள்ளே வரவேண்டுமென்றால் உயிரோடு வெளியே போனதற்குச் சீட்டு வேண்டும்.

"புதுசா ஒண்ணு எழுதி அனுப்புங்க சார்."

"நோக்கட்டே சேட்டா, பாக்கறேன். ஒரு பத்து நாள்."

பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. திறக்கிற அன்றே மிளகு வண்டி வரும். சுமைகாரர் கூட்டத்தில் தன் முறைக்கு ஆள் நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். செல்லதுரை குட்டனை அழகர் வீட்டு வேப்பமரத்தில் கட்டினான். போன வருஷம் போலவே இறுக்கி இரண்டு முடிச்சு. இதைப் பார்த்துக்கோ, சீட்டு வந்ததும் எடுத்துக்கிறேன் என்றான். அழகர் தலையாட்டினான். மகா பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றாள்.

"பத்து நாள்தான் பாப்பா. நானே வந்து கூட்டிட்டு வருவேன்," என்றான். அவள் சுவரில் ஒட்டின அட்டையைப் பற்றிப் பேசவில்லை. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து நாள் போயிற்று. செல்லதுரை மையத்துக்கு இரண்டு தடவை போனான். மூன்றாவது தடவை மழை பலமாகப் பிடித்ததால் போகவில்லை. ஒரு நாள் சாக்கு சுமந்து முடித்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தபோது போனில் அழகரிடமிருந்து நாலு அழைப்பு தவறியிருந்தது. சீட்டு என்ன ஆச்சு, எப்ப வர்றீங்க என்று கேட்பான், என்ன சொல்வது? நாளைக்குக் கூப்பிடலாம் என்று விட்டான். நாளைக்கும் விட்டான்.

அடுத்த வாரம் சேவியர் லாரியில் ஒரு பொட்டலம் வந்தது. பொட்டலத்தோடு அழகரின் கடிதம்:

'மாமாவுக்கு. சாவடியிலேருந்து நோட்டீசு வந்துச்சு. முடிச்சு எழுதி அனுப்பலன்னா உங்க மேல கேசுன்னு போட்டிருந்தான். போன் எடுக்கல. நீங்க அங்க பொழைக்கிற மனுசன், ஒங்களுக்கு ஒண்ணு ஆகக்கூடாதுன்னு நானே முடிச்சு, தலைவர்ட்ட எழுதி வாங்கி அனுப்பிட்டேன். இனி உங்க பேர்ல ஒண்ணும் இல்ல. கிடாக்காரர் பங்கு ஒரு தொடை, உப்புக்கண்டம் போட்டுக் குடுத்துருக்கேன்.'

ஒச்சம்மாள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மோந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. சேவியரிடமே திருப்பிக் கொடுத்து, எங்கயாச்சும் கொண்டு போயிருங்க அண்ணே என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "அவகிட்ட நீயே சொல்லு," என்றாள். அதோடு இறால் ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் சொல்லவில்லை. மகா தினமும் கேட்டாள். சீட்டு வந்துகொண்டிருக்கிறது என்றான்.

ஜூலையில் உண்மையாகவே மையத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அதைத் தருவதற்கு ஒரு விழாவே வைத்திருந்தார்கள். செல்லதுரையைக் குடும்பத்தோடு வரச்சொல்லிக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மூன்று வருஷத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லா நடைமுறையும் பூர்த்தியான ஒரே கோப்பு அவனுடையதாம். ராஜப்பன் சார் பொன்னாடை போர்த்தினார். சிரமப்பட்டு உழைக்கிறவர்களிடம்தான் உண்மையான பொறுப்பு இருக்கிறது என்று மைக்கில் சொன்னார். மஞ்சுஷா மேடம் மகாவின் கன்னத்தைத் தட்டி, ஒரு நாய்ப்பட ஸ்டிக்கரை அவள் சட்டையில் ஒட்டினார். அபிலாஷ் மட்டும் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். எல்லாம் மலையாளம். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் மகா அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். வேண்டாம் என்று சொல்ல அவனிடம் காரணம் இருக்கவில்லை. அவள் நடந்துகொண்டே படித்தாள். மேலே இருந்து ஒவ்வொரு வரியாக: பிராணி, ஆடு. பேர், குட்டன். பயண நோக்கம். விண்ணப்பதாரர் கையெழுத்து. நிறைவேற்றிய தேதி.

தேதியில் அவள் விரல் நின்றது. கருவாட்டுக் கடை முன்னால் அவளும் நின்றுவிட்டாள். அழவில்லை. ஸ்டிக்கரைச் சட்டையிலிருந்து பிய்த்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"இத நீங்க வாசிச்சோ அப்பா?"

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதுல்ல பாப்பா."

அவள் விரலைத் தேதியிலிருந்து மேலே, பயண நோக்கத்துக்கு ஏற்றினாள்.

"ஆனா அந்த அபிலாஷ் சேட்டன் வாயால சொல்லியிருக்கும்ல்ல?"

செல்லதுரை பதில் சொல்லத் திரும்பினான். கழுத்து திரும்பவில்லை. சட்டத்தை அவளிடமிருந்து வாங்கி, சாக்கு மாதிரி தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

அன்று சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்தான். பிடரியில் உப்பு காய்ந்து அரித்தது. உள்ளே மகா சுவரைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அட்டை சோற்றுப் பசையில் ஒட்டினது, லேசில் வராது. அவள் கேட்டதற்கு ஒரே வார்த்தைதான் பதில்: ஆமா. அதை அவன் இன்னும் மகளுக்குத் தரவில்லை. பாக்கி இருக்கிறது.